சால்டர் புகையில் ஈயமா? யார் சொன்னது?

பிறைவாசி: பினாங்கு பாயான் லெப்பாஸ் பெக்டரிகளில் சால்டர் (சர்க்கியூட் பலகையில் பாகங்களை ஒட்ட உருக்கும் உலோகக் கம்பி) புகையோடு ஈயம் உள்ளே போய்த்தான் வயதானபின் மறதி நோய் வருகிறதாம், முகமூடி போட்டால் போதுமாம். மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படிக்கவே எரிச்சல். கம்பியை உருக்கும் அயர்ன் முனை 350 டிகிரி, ஈயம் கொதிப்பது 1749-ல். புகைவது, ஒட்ட உதவும் ஃபிளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற மரப்பிசின். அது ஆஸ்துமா கொடுக்கும். புகையில் ஈயம் இல்லை.

தீவுக்காரன்: அப்போ ஈயத்தால் ஆபத்தே இல்லையா? முதலாளி பேசுகிற மாதிரியே இருக்கு.

பிறைவாசி: அப்படி எங்கே எழுதினேன், காட்டுங்கள். ஈயம் கை வழியாக வாய்க்குப் போகிறது. கம்பி பிடித்த விரலோடு ரொட்டி சானாய் பிய்த்தால் போதும். காற்றில் பறப்பது வேவ் சால்டர் தொட்டியில், அதாவது உருக்கிய சால்டர் நிற்கும் தொட்டியில், கசடு வழிக்கும்போதுதான். அந்தத் தூளைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது, நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவம், ஈரத்துணி. புகையில் இல்லை!

ஜூரு லைன்: ரத்தத்தில் ஈயம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் பயமில்லையே?

தீவுக்காரன்: ரத்தம் காட்டுவது கடந்த சில வாரக் கணக்கு. எலும்பில் தங்கினது பல வருஷம் கிடக்கும், வயதானதும் கசியும். பழைய ஈயத் தொழிலாளர்களுக்கு நினைவாற்றல் வேகமாகக் குறைந்ததாக ஆய்வே இருக்கு. 'பிறை' அண்ணன் இதைச் சொல்லமாட்டார்.

பிறைவாசி: நினைவு குறைவது வேறு, டிமென்ஷியா என்ற மறதி நோய் வேறு. லான்செட் மருத்துவ இதழ் 2024-ல் அந்த நோய்க்குப் போட்ட 14 காரணங்களில் ஈயம் இல்லை.

தீவுக்காரன்: காற்று மாசு இருக்கே! காது கேளாமையும் இருக்கு. போன மாசம் 90 டெசிபல் சத்தம் போடும் பிரெஸ் மிஷின் பக்கத்தில் காதடைப்பான் தேவையில்லை என்று வாதாடினது யார்?

பிறைவாசி: பொய். எட்டு மணி நேரத்துக்கு 85-தான் சட்டம் என்றேன், அதற்கு மேல் கட்டாயம் என்றும் எழுதினேன். திரும்பப் படியுங்கள்.

ஜூரு லைன்: சண்டை போதும் லா. புகைக்கு என்ன செய்வது?

பிறைவாசி: உறிஞ்சு குழாய் வாயைப் புகைக்குப் பக்கத்தில் வையுங்கள். குழாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே இழுவை பத்தில் ஒன்றாகிவிடும். மெல்லிய முகமூடி வீண். ஈயமில்லாக் கம்பிக்கு மாறினால், அது 217 டிகிரியில்தான் உருகும், அதற்காக அயர்னை இன்னும் சூடாக்குவீர்கள், ரோசின் புகை இன்னும் கூடும்.

தீவுக்காரன்: ஆக, புகை ஆபத்துதான். நான் சொன்னதும் அதுதான்.

பிறைவாசி: நீங்கள் தூக்கிப் பிடித்தது ஈயம். புகையில் ஈயம் இல்லை.