பற்று நோட்டும் கிளாட் பத்தியும்

குழு: பெரிய வீட்டுக் கூட்டம்

நான் (இரவு 8:04): கவி அக்கா, இன்றைக்கு கிளாட், அதாவது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு, மாதிரித் தேர்வு எழுதினேன். ஆங்கிலம் பரவாயில்லை. சட்டப் பகுதியில் 30-க்கு 17 சரி, 9 தப்பு, 4 தொடவேயில்லை. தப்புக்குக் கால் கால் மார்க்காகக் கழித்தால் 14.75தான் வருகிறது.

அம்மா: ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறாள். கண் கெட்டதுதான் மிச்சம்.

பெரியப்பா: கண்ணு, முதலில் கேள்வியைப் படி, அப்புறம் பத்திக்குப் போ. முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கவி அக்கா: அப்பா, அது பத்து வரிக்குச் சரி. கிளாட்டில் ஒரு பத்தி 450 வார்த்தை வரை போகும். அதன் கீழே ஐந்தாறு கேள்வி. நாலாவது கேள்விக்கு வருவதற்குள் முதல் கேள்வி மறந்துபோகும். 120 நிமிடத்தில் 120 கேள்வி, இரண்டு தடவை படிக்க நேரமே இல்லை. நான் பத்தியைத்தான் முதலில் படித்தேன்.

பெரியப்பா: சரி, வக்கீலம்மா சொன்னால் சரி.

கவி அக்கா: இன்னும் வக்கீல் ஆகவில்லை, மூன்றாம் வருஷம்தான். நீ தப்பாகப் போட்ட ஒரு கேள்வியைச் சொல்லு. மொத்த மார்க்கை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

நான்: 17 வயதுப் பையன். தாத்தா எழுதி வைத்த வீடு அவன் பேரில் இருக்கிறது. மூன்று மாதம் மளிகைக் கடையில் அரிசி, பருப்பு கடனாக வாங்கினான். கடைக்காரர் பணம் வாங்க முடியுமா? நான் போட்டது (அ): முடியாது, மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது.

மதுரை மாமா: என்னது? அரிசி தின்றவன் காசு தர வேண்டாமா??

நான்: 1903-இல் பிரிவி கவுன்சில் சொன்னது மாமா, வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம். கல்கத்தாவில் ஒரு மைனர் வட்டிக்காரரிடம் சொத்தை அடமானம் வைத்தார். அந்த அடமானமே செல்லாது என்று தீர்ப்பு.

மதுரை மாமா: நல்ல தீர்ப்பு. நாளைக்கே கடை வாசலில் போர்டு வைக்கிறேன், 18 வயதுக்குக் கீழே கடன் கிடையாது என்று.

கவி அக்கா: மாமா, கொஞ்சம் பொறுங்கள் 😄 இந்த வழக்கு உனக்கு முன்பே தெரியுமா?

நான்: கோச்சிங்கில் படித்தது. பத்தியிலும் இரண்டாவது பாராவில் வருகிறது.

கவி அக்கா: அங்கேதான் சறுக்கியிருக்கிறாய். தெரிந்த வழக்கைக் கண்டதும் மீதியை மேய்ந்துவிட்டாய். மூன்றாவது பாராவின் முதல் சொல் என்ன?

நான்: ஹவெவர், 'ஆனாலும்' 😐

கவி அக்கா: அதற்கு அடுத்த இரண்டு வரியைத் தமிழில் சொல்.

நான்: மைனரின் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அவசியப் பொருளைக் கொடுத்தவர், அதன் மதிப்பை அந்த மைனரின் சொத்திலிருந்து பெறலாம். மைனர் தானே கடனாளி ஆக மாட்டார்.

மதுரை மாமா: ஆங். இப்போது நியாயம் பேசுகிறது.

நான்: அப்படியென்றால் (ஆ)வா? பையன் சம்பாதித்துக் கடனை அடைக்க வேண்டும்.

கவி அக்கா: கடைசி வரியை மறுபடி படி.

நான்: ஓ. அப்போது (இ). அவனுடைய சொத்திலிருந்து மட்டும் வசூலிக்கலாம். ஆனால் அக்கா, 'மட்டும்' என்று வந்தால் அந்த விடையை அடித்துவிடச் சொன்னார்களே?

கவி அக்கா: பத்தியே அப்படிச் சொன்னால் எதற்கு அடிக்க வேண்டும்? எந்த விடையானாலும் பத்தியில் அதற்கான வரி மேல் பென்சிலை வை. வைக்க வரி கிடைக்காவிட்டால் அது உன் தலையிலிருந்து வந்த விடை. சட்டப் பகுதிக்கு முன்கூட்டிச் சட்டம் தெரிய வேண்டியதே இல்லை. தெரிந்தவர்கள்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

நியூஜெர்சி சித்தி: இங்கே தம்பி எல்சாட்டுக்குப் படிக்கிறான், இங்குள்ள சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, டிகிரி முடித்துவிட்டு எழுதுவது. வாசிப்புப் பகுதியில் 35 நிமிடத்தில் நாலு தொகுப்பு. ஒன்றில் இரண்டு பேர் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்வார்கள். அவன் ஓரத்தில் யார் எந்தப் பக்கம் என்று மட்டும் குறிக்கிறான். அங்கே தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, அது ஒரு நிம்மதி.

கவி அக்கா: அதேதான் சித்தி. ஆங்கிலப் பத்தியிலும் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்கிறாரா, 'சிலர் சொல்கிறார்கள்' என்று அடுத்தவர் கருத்தைச் சொல்கிறாரா என்பதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். நான் பாராவுக்கு ஒரு சொல் தமிழிலேயே எழுதுவேன். இந்தப் பத்திக்கு: சட்டம், அடமானம், ஆனாலும் அரிசி. முடிந்தது.

நான்: மீதி எட்டையும் நோட்டில் இப்படியே பிரித்துப் பார்க்கிறேன்.

கவி அக்கா: தப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுது. 'கவனக்குறைவு' என்று எழுதாதே, அது காரணமே இல்லை. எந்த வரியைத் தாண்டிப் போனாய் என்று எழுது.

மதுரை மாமா: கவி, எனக்கும் ஒரு சந்தேகம். பழைய பற்று நோட்டில் ஒரு மைனர் பேரில் பொரி உருண்டை 14, தேன் மிட்டாய் 2 பாக்கெட். லீவுக்கு வந்திருந்தபோது வாங்கியது. ஆள் இந்தக் குழுவில்தான் இருக்கிறது.

நான்: மாமா 🙈 பொரி உருண்டை அவசியப் பொருளே இல்லை.

மதுரை மாமா: உன் வாழ்க்கை நிலைக்கு அவசியம்தான் பாப்பா. தினமும் நாலு மணிக்கு வந்து நிற்பாய்.

அம்மா: அவள் பேரில் சொத்து எதுவும் இல்லை தம்பி. ஒரு மண் உண்டியல்தான்.

மதுரை மாமா: உண்டியலும் சொத்துதானே அக்கா.