புதுப்பிப்பு: வெள்ளவத்தைக் கட்டடத்தின் மாஸ்டர் திறப்பு

கடைகளும் அலுவலகங்களும் உள்ள எங்கள் வெள்ளவத்தைக் கட்டடத்துக்கு மாஸ்டர் திறப்பு முறையை (கதவுகளுக்குத் தனித்தனித் திறப்பு, அவற்றையெல்லாம் திறக்க ஒரு மாஸ்டர் திறப்பு) எப்படித் திட்டமிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, "பூட்டு வாங்குமுன் எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்று அட்டவணை போடுங்கள்" என்ற யோசனைதான். போட்டுப் பார்த்ததும் மூன்றடுக்கு (தனித் திறப்பு, தொகுதிக்கொரு மாஸ்டர், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மாஸ்டர்) தேவையில்லை, இரண்டடுக்கே (தனித் திறப்பு, ஒரு மாஸ்டர்) போதும் என்று தெளிவானது. இது பெரிய விஷயம். அடுக்கு கூடினால் பூட்டுக்குள் திறப்பு தூக்கும் சிறு உலோகப் பின்களுக்கு நடுவே மெல்லிய துண்டுகளும் கூடும். ஒவ்வொரு துண்டும் பூட்டு திறபட இன்னொரு வழியைத் தரும், பாதுகாப்பு அந்தளவு குறையும்.

காசு வைக்கும் அறைகளை மாஸ்டரில் சேர்க்கவில்லை. திறப்புகளில் கதவின் பெயர் இல்லை, குறியீடு மட்டும்.

எதிர்பாராதது, ஒரு மாஸ்டரின் கீழ் வெட்டக்கூடிய வெவ்வேறு திறப்புகளின் எண்ணிக்கை. திறப்பில் ஒவ்வொரு பின்னுக்கும் 10 வெட்டு ஆழங்கள் இருந்தாலும், அடுத்தடுத்த ஆழங்களைத் தவிர்த்து, மாஸ்டரின் ஆழத்தையும் விட்டால் ஒரு பின்னுக்கு 4தான் மிஞ்சும். 5 பின் பூட்டில் அது 1024 திறப்புகள். எங்களுக்குத் தாராளம். அப்புறம், புதிய கடைகள் வந்தால் கொடுக்க அட்டவணையில் சில வரிசைகளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.