சொராரிட்டி (அமெரிக்கக் காலேஜ் பொண்ணுங்க சங்கம்) சீனியர்ஸ் (படிச்சு முடிச்சவங்க), இப்ப படிக்கிற பொண்ணுங்க: உங்க அனுபவம்?

ஹூஸ்டன்வாசி:
2003ல சேர்ந்தவ நான். ஒண்ணா சேர்ந்த பேட்ச்சை 'லைன்'னு சொல்வோம். தெற்காசியப் பொண்ணுங்க சொராரிட்டி, பேர் வேண்டாம். போன மாசம் ரீயூனியன். சாப்பாடு முடிஞ்சதும் கிச்சன்ல ஒரு செகண்ட் இயர் பொண்ணு, தமிழ்ப் பொண்ணுதான், தட்டு கழுவிட்டிருந்தா. திரும்பாமலே, "அக்கா, உங்க லைன்ல விடிய விடிய நிக்க வெச்சாங்களா?"ன்னா. "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா"ன்னுட்டேன். குழாயை மூடிட்டு என்னையே பார்த்தா. கையில சோப்பு நுரை அப்படியே இருக்கு. நாங்க நின்னோம். அடுத்த வருஷம் நானே நிக்க வெச்சேன்.

கடைசிவருஷம்:
உங்களுக்காவது மனசு உறுத்துது. எங்க ஹவுஸுக்கு அட்வைசரா வர்ற சீனியர், யாரைச் சேர்க்கறதுன்னு நாங்க ஓட்டு போடறதுக்கு முந்தின ராத்திரி ஒரு கறுப்பினப் பொண்ணு பேரைப் பென்சிலால அடிச்சாங்க. "மார்க் பத்தாது"ன்னாங்க. அவ ஜிபிஏ நாலுக்கு 3.9! 2013ல அலபாமா யுனிவர்சிட்டியில இதே மாதிரி சீனியர்ஸ் தடுத்ததை, உள்ள இருந்த பொண்ணுங்களே கிரிம்சன் ஒயிட் மாணவர் பத்திரிகைகிட்ட சொன்னாங்க. எங்க ரூம்ல ஒருத்தி வாயத் திறக்கல. நானும்தான். நாங்க இருக்கற வீடே சீனியர்ஸ் நடத்தற ஹவுஸ் கார்ப்பரேஷன் பேர்ல.

ரெண்டுபொண்ணுக்குஅம்மா:
கடைசிவருஷம், வீடு யார் பேர்ல இருந்தா என்னம்மா, ஓட்டு உங்க கையிலதானே? அத்தனை பேரும் எழுந்திருந்தா அந்தம்மா என்ன பண்ணியிருக்க முடியும்? என் பெரியவ பிட் டே (எந்த சொராரிட்டி கூப்பிடுதுன்னு தெரியற நாள்) அன்னைக்கு பார்க்கிங்ல நின்னு அழுதுக்கிட்டே போன் பண்ணா. அவளுக்கு நடந்ததும் இதுதான், அதான் கோவம் வருது.
ஹூஸ்டன்வாசி, ஞாபகம் இருக்கறதை எல்லாம் எழுதி வைங்க. நேஷனல் ஆபீசோட நிறுத்தாதீங்க, யுனிவர்சிட்டிக்கும் அனுப்புங்க. ஹேசிங்னா நம்ம ஊர் ராகிங் மாதிரி. ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டம் 2024 டிசம்பர்ல கையெழுத்தாச்சு, ஹேசிங் கணக்கைக் காலேஜ் வெளியில சொல்லியே ஆகணும். டெக்சாஸ்ல ஹேசிங் குற்றம். "அவளே சம்மதிச்சுதான் நின்னா"ங்கறது கோர்ட்ல எடுபடாது. முடிஞ்சா அந்த சாப்டருக்கு (காலேஜ் கிளைக்கு) நீங்களே அட்வைசரா போங்க. புது பொண்ணுங்க சேர்ற வாரத்துல தினமும் போய் நில்லுங்க. உங்க லைன்ல இருந்த மத்தவங்களையும் கூப்பிடுங்க. பணம் அனுப்பறவங்களா இருந்தா அதை நிறுத்திட்டுப் பேசுங்க.

ஹூஸ்டன்வாசி:
எல்லாம் சரிதாங்க, எழுதறேன். ஆனா அவளை ஏற்கெனவே நிக்க வெச்சுட்டாங்களா, இல்ல இந்த வருஷம் வர்ற பொண்ணுங்களை நிக்க வைக்கச் சொல்லி அவளை நெருக்கறாங்களா? அதைக் கேக்காம கிளம்பி வந்துட்டேன். பேர்கூட கேட்டுக்கல.