ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) டைரக்ட் கனெக்ட் என்ற தனி லைன் அறுந்தால் விபிஎன்னுக்கு (இன்டர்நெட் வழியே போகும் பாதுகாப்பான இணைப்பு) மாற ஒன்றரை நிமிடம். லைன் நன்றாக இருந்தாலும் டிராஃபிக் விபிஎன் வழியே வருகிறது

கேள்வி:
டேட்டா சென்டரிலிருந்து ஏடபிள்யூஎஸ் மும்பை ரீஜனுக்கு 1 ஜிபிபிஎஸ் டைரக்ட் கனெக்ட், டிரான்சிட் கேட்வேயில் (ஏடபிள்யூஎஸ் பக்கத்து மைய ரவுட்டர்) சேர்கிறது. பேக்கப்பாக அதே கேட்வேக்கு இரண்டு டனல் விபிஎன். எல்லாம் பிஜிபி (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் முறை). ஃபைபர் அறுந்தால் மாற ஒன்றரை நிமிடம் ஆகிறது. அப்போதும் போர்ட் 'அப்' என்றே காட்டுகிறது. இன்னொன்று: லைன் சரியாக இருக்கும்போதும் மும்பையிலிருந்து வருவதெல்லாம் விபிஎன் வழி. ஃபயர்வால் செஷன்களை வெட்டுகிறது. விபிஎன்னில் ஏஎஸ் பாத் பிரீபெண்ட் (பாதையை நீளமாகக் காட்டி அந்த வழியைப் பின்தள்ளுவது) போட்டும் மாற்றமில்லை.

பதில் 1:
அந்த ஒன்றரை நிமிடம் பிஜிபி ஹோல்ட் டைமர், அதாவது எதிர்ப்பக்கம் பேசாவிட்டாலும் காத்திருக்கும் நேரம், 90 நொடி. நடுவில் சர்வீஸ் புரொவைடரின் சுவிட்ச் இருப்பதால், அதற்கு அப்பால் அறுந்தால் உங்கள் போர்ட்டுக்குத் தெரியாது. பிஎஃப்டி (லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது) போடுங்கள்: 300 மில்லிநொடிக்கு ஒரு முறை, மல்டிப்ளையர் 3, அதாவது மூன்று முறை தவறினால் லைன் போனதாகக் கணக்கு. ஏடபிள்யூஎஸ் பக்கம் அது தானாகவே ஆன். உங்கள் ரவுட்டரில் போட்டால்தான் வேலை செய்யும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிஎஃப்டி லைன் போய்விட்டது என்று சொன்ன பிறகும் பழைய ரூட்டையே பிடித்துக்கொண்டிருக்கும்.

பதில் 2:
இரண்டாவதற்கு ஒரு கேள்வி. இரண்டு வழியிலும் ஒரே பிரிஃபிக்ஸைத்தான் (ஐபி முகவரித் தொகுதி) அறிவிக்கிறீர்களா?

கேட்டவர்:
இல்லை. எங்களிடம் /24 என்ற சிறு தொகுதிகள் 140 இருக்கின்றன. டைரக்ட் கனெக்ட்டில் 100-க்கு மேல் போனால் பிஜிபி செஷனே விழுந்துவிடும் என்பதால் அதில் அவற்றை அடக்கும் பெரிய தொகுதியான 10.20.0.0/16 மட்டும். விபிஎன்னில் 140-ம்.

பதில் 2:
அதுதான் கோளாறு. /16-ஐ விட /24 நுணுக்கமானது, அதுதான் ஜெயிக்கும். பிரீபெண்ட் எல்லாம் பிரிஃபிக்ஸ் சமமாக இருந்தால்தான் கணக்கில் வரும். விபிஎன்னிலும் அதே /16-ஐ மட்டும் அனுப்புங்கள். பிரிஃபிக்ஸ் ஒன்றாக இருந்தால் டிரான்சிட் கேட்வே விபிஎன்னை விட டைரக்ட் கனெக்ட்டைத்தான் எடுக்கும், பிரீபெண்ட்டே வேண்டாம். உங்கள் பக்கம் லோக்கல் பிரிஃபரன்ஸ் (வெளியே போக எந்த வழி முதலில் என்ற எண், பெரியது ஜெயிக்கும்) டைரக்ட் கனெக்ட்டுக்கு 200, விபிஎன்னுக்கு 100 என்று வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் போவது ஒரு வழி, வருவது ஒரு வழி, அதனால்தான் ஃபயர்வால் வெட்டுகிறது.

டனல் இன்டர்ஃபேஸில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1379 போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் விபிஎன்னுக்கு மாறியதும் பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய ஃபைல் காப்பி மட்டும் அப்படியே நிற்கும்.

பதில் 3:
வழக்கமான டனல் ஒன்றுக்கு 1.25 ஜிபிபிஎஸ் வரைதான், உங்கள் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் போதும். ஆனால் விபிஎன் ஓடும் இன்டர்நெட் லைனும் டைரக்ட் கனெக்ட்டும் ஒரே குழாயில் கட்டிடத்துக்குள் வந்தால், ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே தூக்கிவிடும். புரொவைடரிடம் கேபிள் பாதை வரைபடம் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "வேற பாதைதான் சார்" என்பதை நம்ப வேண்டாம்.

சோதிக்க, கன்சோலில் பிஜிபியை வேண்டுமென்றே இறக்கும் ஃபெய்லோவர் டெஸ்ட் இருக்கிறது. 10 நிமிடம் வைத்தால் போதும். அது ரூட் மாறுகிறதா என்று மட்டுமே காட்டும், பிஎஃப்டியைச் சோதிக்காது. அதற்கு, நடுவில் உள்ள சுவிட்சில் உங்கள் விலானை (உங்களுக்கென ஒதுக்கிய தனி நெட்வொர்க்) எடுக்கச் சொல்லுங்கள். போர்ட் அப்பாகவே இருந்து, ஒரு நொடிக்குள் பிஜிபி விழ வேண்டும்.