பைதான் ஆவணத்தில் சார்டட் பக்கம்: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பைதானில் பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் சார்டட் (sorted) ஃபங்ஷனுக்குப் புதியவர்களுக்கான விளக்கம் எழுதுகிறேன். அதிகாரபூர்வ ஆவணத்தில் முதல் வரியிலேயே ஐட்டரபிள் (வரிசைப்படுத்த வேண்டிய தொகுப்பு), சாய்கோடு (/), நட்சத்திரம் (*), கீ (எதை வைத்து ஒப்பிடுவது), ரிவர்ஸ் (இறங்குவரிசையா) எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அப்படியே வைக்கலாமா?

பதில் 1: வைக்கலாம், ஆனால் மேலே வேண்டாம். முதலில் [3, 1, 2] கொடுத்தால் [1, 2, 3] வருவதைக் காட்டுங்கள். பிறகு குறிகள்: சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதைப் பெயர் சொல்லி அனுப்ப முடியாது, நட்சத்திரத்துக்குப் பின்னால் உள்ளதைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ரிவர்ஸ் என்ற பெயரில்லாமல் வெறும் ட்ரூ என்று போட்டால் டைப் எரர். நாம் எழுதும் ஃபங்ஷன்களில் சாய்கோட்டைப் போட முடிந்ததே பைதான் 3.8 பதிப்பிலிருந்துதான், பழைய பாடங்களில் தேடாதீர்கள்.

பதில் 2: பட்டியலின் சார்ட் மெத்தடையும் அதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அது பட்டியலையே மாற்றிவிட்டு நன் (None, அதாவது 'எதுவுமில்லை') என்பதைத் திருப்பித் தரும். அ = அ.சார்ட்() என்று எழுதினால் பட்டியல் போச்சு. அந்த வரியில் பிழை வராது. பத்து வரி தள்ளி அ[0] கேட்கும்போதுதான் வெடிக்கும். புதியவர் அங்கேயே தோண்டிக்கொண்டிருப்பார். தவறான வரியையும் பிழைச்செய்தியையும் பக்கத்தில் அப்படியே ஒட்டுங்கள்.

பதில் 3: எண்கள் சரமாக (மேற்கோளுக்குள் எழுத்தாக) இருக்கும் உதாரணம் ஒன்றும் வேண்டும். ['10', '9', '2'] கொடுத்தால் ['10', '2', '9'] வரும், எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதால். கீ இடத்தில் சரத்தை எண்ணாக்கும் இன்ட் (int) கொடுத்தால் சரியாகும். கீ எதற்கு என்று தனியாக விளக்கவே தேவையில்லை.

அப்புறம், பைதான் ஷெல்லில் வரி தொடக்கத்தில் வரும் மூன்று அம்புக்குறிகளை (>>>) உதாரணங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். நகலெடுத்துக் கோப்பில் ஒட்டினால் சின்டாக்ஸ் எரர்தான்.