வைக்கோல் எதற்கு? பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்

சுவர்க்கோழி: பழங்காலக் கட்டுமானம் பழக்கும் தொல்லியல் பட்டறைக்கு மகளை அழைத்துப் போனேன். பிள்ளைகளே மண் மிதித்து, அச்சில் பச்சைக்கல் (சுடாமல் வெயிலில் காயவைக்கும் மண் செங்கல்) அறுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நடத்தியவர், "வைக்கோல் போட்டால் கல்லுக்குப் பலம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தப்பு! ஈரம் வற்றும்போது களிமண் சுருங்கும், வெடிக்கும். அந்த இழுவையைப் பரப்பி, விரிசலைக் குறைக்கத்தான் வைக்கோல்.

கொத்தனார் பேரன்: விரிசல் விடாத கல் பலமான கல்தானே ஐயா? எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வதாம்? கையில் சேறு பட்டதே, போதாதா?

சுவர்க்கோழி: சேறு படுவதற்கு மழைநாளில் வாசலில் விட்டாலே போதுமே. பட்டறை எதற்கு?

நத்தை: மொகஞ்சதாரோவில் வைக்கோலா போட்டார்கள்? சுட்ட செங்கல். உயரம், அகலம், நீளம் 1:2:4. முதலில் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும்.

சுவர்க்கோழி: அங்கே வெயிலில் காய்ந்த கல்லும் உண்டு. சூளையில் வைத்தால் வைக்கோல் எரிந்து ஓட்டைதான் மிஞ்சும். பேச்சு பச்சைக்கல்லைப் பற்றி.

நத்தை: ரோமானியக் கான்கிரீட் விவாதத்திலும் இப்படித்தான். அதன் உறுதிக்குக் காரணம் எரிமலைச் சாம்பல் என்றேன், இரண்டு வாரம் மல்லுக்கு நின்றீர்கள்.

சுவர்க்கோழி: மறுத்தது சாம்பலை அல்ல, எல்லாப் பெருமையையும் சாம்பலுக்கே கொடுத்ததை. அந்தக் கான்கிரீட்டில் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் கரைந்து விரிசலை அடைக்கின்றன என்று 2023இல் ஆய்வே வந்தது. அங்கேயும் விரிசல்தான், கவனியுங்கள்.

மண்புழு: பிரான்சில் கெதெலோன் கோட்டையை 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையில் கட்டுகிறார்கள். செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். வைக்கோல் போட்ட கல் ஒன்று, போடாதது ஒன்று. இரண்டையும் பிள்ளைகளே காயவைத்துப் பார்க்கட்டுமே?

கொத்தனார் பேரன்: இதைத்தான் நானும் சொன்னேன்.

சுவர்க்கோழி: நீங்கள் சொல்லவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

கொத்தனார் பேரன்: என் தாத்தா நாற்பது வருடம் மண்சுவர் வைத்தவர். பலத்துக்கு என்றுதான் சொல்வார். நீங்கள் எத்தனை சுவர் வைத்தீர்கள்?

சுவர்க்கோழி: தாத்தாவை இழுக்காதீர்கள். அவர் சுவர் நின்றது விரிசல் விடாததால்.

கொத்தனார் பேரன்: அதற்குப் பேர்தான் பலம்.

சுவர்க்கோழி: இல்லை. விரிசல் வேறு, பலம் வேறு. எத்தனை தடவை சொல்வது?

மண்புழு: இரண்டு கல் செய்து பார்க்கலாம் என்றேனே...

நத்தை: அது கிடக்கட்டும். சாம்பல் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.