பாலோ-ஆனுக்குத் தமிழ் (விதி 14): வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

க.:
அன்பர்களுக்கு வணக்கம். கிரிக்கெட் நடுவர் பயிற்சிக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 42 விதிகளில் 14ஆவது மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது.

விதி இதுதான். ஐந்து நாள் ஆட்டத்தில், முதலில் பேட் செய்த அணி 200 ரன்னோ அதற்கு மேலோ முன்னிலை பெற்றால், எதிரணியை அடுத்த இன்னிங்ஸையும் உடனே ஆடச் சொல்லலாம். இதுவே பாலோ-ஆன். மூன்று, நான்கு நாள் ஆட்டத்துக்கு 150, இரண்டு நாளுக்கு 100, ஒரு நாளுக்கு 75. முதல் நாள் ஒரு பந்துகூட வீசப்படாமல் போனால் மிச்ச நாள்களே கணக்கு. அப்போது ஐந்து நாள் டெஸ்டிலும் 150தான். கேப்டன் முடிவைச் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது.

சொல் மூன்று இடத்தில் உட்கார வேண்டும்: "கேப்டன் பாலோ-ஆன் கொடுத்தார்", "அணி பாலோ-ஆன் ஆனது", "பாலோ-ஆனைத் தவிர்த்தது". வரைவில் 'தொடராட்டம்' என்று போட்டிருக்கிறேன்.

மு.:
தொடராட்டம் வேண்டாம் அண்ணா. 'டெஸ்ட் தொடர்' என்று ஏற்கெனவே ஊன்றிப் போன சொல் இருக்கிறது. "தொடரின் மூன்றாவது டெஸ்டில் தொடராட்டம்" என்று எழுதினால் படிக்கிறவர் இரண்டு முறை படிப்பார். 'மீளாட்டம்' போடலாம், மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் பழகியவைதானே.

ந.:
மீளாட்டம் என்றதும் என் காதில் 'மீளாத் துயர்' விழுகிறது. மீள் + ஆட்டம் = மீளாட்டம் என்பது சரி. எதிர்மறைப் பெயரெச்சமாயிருந்தால் மீளா + ஆட்டம் = மீளாவாட்டம் என்று உடம்படுமெய் வந்திருக்கும் என்பதும் சரி. ஆனால் வாசகர் உடம்படுமெய்யைத் தேடிப் பார்த்துவிட்டா பொருள் கொள்கிறார்? மீளவே முடியாத ஆட்டம் என்றுதான் எடுப்பார். போதாக்குறைக்கு 'மறு ஆட்டம்' என்ற பொருளும் வருகிறது, ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி நடத்துவதுபோல.

நம் யாப்பில் இதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவது. 2001 கொல்கத்தா டெஸ்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. அந்த 171இல் கடைசியாக ஆட்டமிழந்தவர் 59 ரன் எடுத்த லட்சுமண். பாலோ-ஆனில் அவரையே ஆறாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏற்றினார்கள், 281 அடித்தார். முந்தைய இன்னிங்ஸின் ஈறே அடுத்ததன் முதலுக்கு வந்து நின்றது. 'அந்தாதி ஆட்டம்' என்பதே என் முன்மொழிவு.

செ.:
ந. ஐயா, அழகான சொல், மறுக்கேல்ல. ஆனால் அந்தமும் ஆதியும் வடசொல். தனித்தமிழ் கேட்கிற நீங்களே இதை எப்படி முன்மொழியிறியள்? லட்சுமண் வந்ததும் மூன்றாமவராக, முதல்வராக அல்ல.

அதைவிடப் பெரிய குறை, அந்தாதியில் கட்டாயம் இல்லை. புலவர் தாமே விரும்பித் தொடுக்கிறார். இங்கே எதிரணித் தலைவர் சொல்லி, இவர்கள் துடுப்பெடுத்தாட வேண்டியிருக்கு. 1900 வரை அந்தத் தலைவருக்கும் தெரிவு இருக்கேல்ல. 1894 சிட்னியில் அவுஸ்திரேலியா 586, இங்கிலாந்து 325. விதிப்படி இங்கிலாந்து திரும்ப ஆடியே ஆக வேண்டும். ஆடி 437 எடுத்து, 10 ஓட்டங்களால் வென்றது. ஆகவே ஆடுவதற்கு ஒரு சொல், ஆட வைப்பதற்கு ஒரு சொல் என இரண்டு வேணும். தமிழில் தன்வினை, பிறவினை இருக்கிறது எதற்கு?

க.:
செ. சொன்னது முக்கியம். பயிற்சியில் பலரும் தடுமாறுவதும் இங்கேதான். பாலோ-ஆன் தானாக விழும் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது முன்னிலை பெற்ற கேப்டனின் உரிமை, வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

விடுவதற்குக் காரணமும் உண்டு. கொல்கத்தாவில் ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வா பாலோ-ஆன் கொடுத்தார். லட்சுமணும் திராவிடும் நான்காம் நாள் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்று, மொத்தம் 376 ரன் சேர்த்தார்கள். இந்தியா 178 ஓவர் ஆடி 7 விக்கெட்டுக்கு 657இல் டிக்ளேர் செய்தது. ஏற்கெனவே ஒரு இன்னிங்ஸ் வீசிய அதே பந்துவீச்சாளர்கள், பத்து நிமிட இடைவேளையோடு, திரும்ப 178 ஓவர். அதற்குமேல் கடைசி நாள் தேய்ந்த ஆடுகளத்தில் நான்காவது இன்னிங்ஸ், எதிரே இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ஹர்பஜன். ஆஸ்திரேலியா 171 ரன்னில் தோற்றது. கேப்டன் கணக்குப் பார்ப்பது இதைத்தான்: என் பந்துவீச்சாளர் எத்தனை ஓவர் வீசிவிட்டார், எத்தனை நேரம் மிச்சம், கடைசியில் ஆடப்போவது யார்.

மு.:
சொல்லை விடுங்கள், வரைவில் ஒரு பிழை. "பாலோ-ஆனைத் தவிர்க்க 200 ரன்னுக்குள் வர வேண்டும்" என்று இருக்கிறது. தவறு. 200 முன்னிலை இருந்தாலே உரிமை வந்துவிடும். ஆகவே 199க்குள் வர வேண்டும். 445 அடித்த அணிக்கு எதிராக 245 போதாது, 246 வேண்டும்.

2024 பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா எடுத்ததும் இதே 445தான். இந்தியா 9 விக்கெட்டுக்கு 213. பும்ராவும் ஆகாஷ் தீப்பும் கடைசி ஜோடி. தேவை 33. கம்மின்ஸ் பந்தை ஆகாஷ் தீப் கல்லிப் பக்கம் பவுண்டரிக்கு அனுப்பியதும்தான் பாலோ-ஆன் தவிர்ந்தது. அந்த ஒரு ரன்னை நடுவர் தப்பாகச் சொன்னால் ஆட்டமே திசை மாறிவிடும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. களத்தில் நடுவர் கேப்டனிடம் "பாலோ-ஆன் கொடுக்கிறீர்களா?" என்றுதான் கேட்பார். எந்தச் சொல் வைத்தாலும் பக்கத்தில் பாலோ-ஆன் நிற்கட்டும்.

ந.:
நிற்கட்டும், ஆனால் ஃபாலோவா பாலோவா? ஆய்தம் வேண்டாம் என்பது என் கட்சி.

செ.:
எங்கட பக்கம் 'பொலோ ஒன்' என்று எழுதுவோம். ஒகரத்தை ஆகாரமாக்கிறது எங்களுக்குப் பழக்கமில்லை. இதற்குத் தனி இழை திறந்தால் நல்லது.

க.:
தனி இழையில் பேசுவோம். மு. காட்டிய பிழையைத் திருத்திவிட்டேன், நன்றி.

சொல்லுக்கு வருகிறேன். நேற்றிரவு வந்த ஒரு தனி மடலில் 'மீண்டாடல்' என்று இருந்தது. மீண்டு + ஆடல். 'மீளா' குழப்பம் இல்லை, வினையும் தடையில்லாமல் வருகிறது. "கேப்டன் மீண்டாட வைத்தார்", "அணி மீண்டாடியது", "மீண்டாடுவதைத் தவிர்த்தது". மூன்றிலும் உட்கார்கிறது.

மு.:
எனக்குச் சரி. வியாழன் ஆகிவிட்டது.

செ.:
பிறவினைக்கு 'மீண்டாட்டல்' என்று ஒரே சொல்லாக வைக்கலாம். இல்லாவிட்டாலும் 'மீண்டாட வைத்தல்' போதும். என் வாக்கும் இதற்கே.

ந.:
எனக்கு உடன்பாடில்லை. மீண்டு என்றால் திரும்ப என்று மட்டும் பொருளா? நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான் என்கிறோமே. இழந்ததைத் திரும்பப் பெற்றுவிட்ட தொனி அதில் இருக்கிறது. டெஸ்ட் வரலாற்றில் பாலோ-ஆன் ஆன அணி வென்றது நான்கே முறை: 1894 சிட்னி, 1981 ஹெடிங்லி, 2001 கொல்கத்தா, 2023 வெல்லிங்டன். வெல்லிங்டனில் ஒரே ஒரு ரன்னில். மற்றவை தோல்வியோ டிராவோ. நாளைக்கு ஒரு செய்தியாளர் "மீண்டாடி இன்னிங்ஸ் தோல்வி" என்று எழுத வேண்டிவரும். நான்கு ஆட்டத்தின் முடிவை ஒரு விதியின் பெயரில் ஏற்றுகிறோம்.

க.:
ஐயா, உங்கள் மறுப்பு நியாயமானதே. ஆனாலும் பெரும்பான்மை மீண்டாடலுக்கு. 14ஆம் விதியின் தலைப்பில் மீண்டாடல், முதல் வரியில் அடுத்தே பாலோ-ஆன் என்று அனுப்புகிறேன். அந்தாதியைச் சொல்லடைவில் தனிப் பதிவாகச் சேர்க்கிறேன்.

ந.:
சேருங்கள். ஆனால் அடுத்த பதிப்புக்குமுன் இதைத் திரும்ப எடுப்பேன்.